அப்பாவின் சதாபிஷேகத்துக்கு வண்ணக் கண்ணாடிச் சூரியக் கடிகாரம்: மணிக்கோடுகளை எப்படி வரைவது?

வடசன்னல் (கேள்வி, ஜனவரி 28)

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில் யார்க் நகரில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக வார இறுதி வகுப்பு ஒன்றில் வண்ணக் கண்ணாடி வேலை கற்றுவருகிறேன். கண்ணாடி வெட்டுவது, செப்புப் பட்டை ஒட்டுவது, பற்றவைப்பது, ஈயப்பட்டை வளைப்பது ஆகியவை ஓரளவு கைவந்திருக்கின்றன. வகுப்பில் உள்ள சூளையில் வண்ணம் சுடவும் அனுமதி உண்டு.

கோயம்புத்தூரில் இருக்கும் என் அப்பாவுக்கு வரும் ஆனி மாதத்தில் சதாபிஷேகம். அவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். சால்வையும் வெள்ளிக் குத்துவிளக்கும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆயிரம் பிறை கண்டவருக்குச் சூரியனைக் கொடுத்துவிடலாம் என்று தம்பி வேடிக்கையாகச் சொன்னதிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது. நான் இருக்கும் ஊருக்கும் இதற்கும் பழைய தொடர்பு ஒன்று இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் யார்க்கில் வாழ்ந்த ஹென்றி ஜைல்ஸ் என்னும் கண்ணாடி ஓவியர், சன்னலிலேயே பதிக்கும் சூரியக் கடிகாரங்களைச் செய்தவர். அருகிலுள்ள நன் ஆப்பிள்டன் மாளிகைக்கு அவர் 1670இல் செய்த கடிகாரத்தில் நான்கு பருவங்களும் உருவங்களாக வரையப்பட்டிருக்கின்றன. நிழற்கோல் சன்னலுக்கு வெளியே இருக்கும். நிழல் கண்ணாடியில் விழும். வீட்டுக்குள் இருந்தபடியே மணி பார்க்கலாம்.

ஒத்திகையாக என் சமையலறைச் சன்னலுக்குச் சிறியதாக ஒன்று செய்துபார்த்தேன். நல்ல நீலக் கண்ணாடி, வெளியே ஒரு பித்தளைக் கம்பி. வெயில் வந்த அன்று கண்ணாடியில் நிழலே விழவில்லை. அது நேராக ஊடுருவிச் சென்று, பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவைத்திருந்த தட்டின்மேல் ஒரு மெல்லிய கோடாகக் கிடந்தது. அப்போதுதான் எனக்கு இதில் தெரியாதவை நிறைய இருக்கின்றன என்று புரிந்தது.

என் திட்டம் இது. 30 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் கொண்ட பலகம். கோவை வீட்டுக் கூடத்தின் தெற்குச் சன்னல். தமிழ் எண்களில் மணிகள். கீழே ஒரு வாசகம். மணிக்கோடுகளை எந்தக் கணக்கில் வரைவது, எந்தக் கண்ணாடியைத் தேர்வது, நிழற்கோலை எப்படிப் பொருத்துவது, இதை எப்படி விமானத்தில் கொண்டுவருவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும். பழைய ஆங்கிலேயக் கடிகாரங்களில் காணப்படும் "நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் பறந்துவிடுகிறேன்" என்ற லத்தீன் வாசகத்தைத் தமிழாக்கிப் போடலாமா என்றும் நினைக்கிறேன்.

நிழலளப்பான் (ஜனவரி 29)

சகோதரிக்கு வணக்கம். கண்ணாடியை வெட்டத் தொடங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். தெற்குச் சன்னல் என்பது இங்கிலாந்துக்குச் சரி, கோயம்புத்தூருக்குச் சரியன்று.

யார்க் ஏறத்தாழ 54 பாகை வட அகலாங்கில் இருப்பதால் அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்கிறது. ஆகவே அந்நாட்டில் தெற்குச் சுவரே சூரியக் கடிகாரத்தின் இயல்பான இடம், புத்தகங்களும் அதையே முதலில் சொல்லும். கோயம்புத்தூர் 11 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் அவ்வூருக்கு நேர் உச்சியில் வந்து, பிறகு வடக்கே கடந்துபோய், ஆகஸ்ட் நான்காம் வாரத்தில்தான் உச்சிக்குத் திரும்புகிறது. இடைப்பட்ட நான்கு மாதங்களும் விடியற்காலை முதல் மாலைவரை அது வடபாதி வானத்தைவிட்டு இறங்காது. தெற்குச் சுவரில் ஒரு கீற்று வெயில்கூட நேராக விழாது. நீங்கள் விழா வைத்திருப்பது ஆனியில்! உறவினர் அனைவரும் கூடி நிற்க, திரையை விலக்கினால், கடிகாரத்தில் நிழலே இருக்காது. நிழற்கோலின் தோற்றமும் கெட்டுவிடும்: யார்க்கின் தெற்குச் சுவரில் அது சுவரோடு 36 பாகை சாய்ந்து அழகாக இறங்கும், கோவையில் 79 பாகை, அதாவது சட்டை மாட்டும் ஆணிபோல ஏறக்குறைய நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே கிழக்குச் சன்னலைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டின் எல்லா நாளும் காலை வெயில் அங்கே விழும். ஓய்வுபெற்ற ஆசிரியர் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கும் நேரமும் அதுவாகவே இருக்கக்கூடும். கணக்கும் எளிது. கிழக்குக் கடிகாரத்தில் நிழற்கோல், அதாவது நிழல் தரும் கம்பி, கண்ணாடிக்கு இணையாக, அதிலிருந்து குறிப்பிட்ட தூரம் வெளியே தள்ளி (இந்தத் தூரத்தையே கம்பியின் உயரம் என்கிறேன்), பூமியின் அச்சுக்கும் இணையாக நிற்கும். கோவைக்கு இது கிடைமட்டத்திலிருந்து 11 பாகை மட்டுமே சாய்வு. உள்ளிருந்து கிழக்கே பார்க்கும்போது இடப்பக்கம் வடக்கு, அந்த முனைதான் சற்று உயர்ந்திருக்க வேண்டும். மணிக்கோடுகள் எல்லாம் அந்தக் கம்பிக்கு இணையான நேர்கோடுகள். கோடிட்ட நோட்டுப் புத்தகத்தைச் சற்றே சாய்த்துப் பிடித்ததுபோல இருக்கும். சூரியன் ஏற ஏற நிழல் கோடு கோடாகக் கீழே இறங்கும்.

கோடுகளின் இடைவெளிக்கு ஒரே சூத்திரம்தான். சூரிய நேரப்படி ஆறு மணிக்கு நிழல் கம்பிக்கு நேர் பின்னால் விழும். அதன்பின் ஒவ்வொரு மணிக்கும் 15 பாகை வீதம் கூட்டி, அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பைக் கம்பியின் உயரத்தால் பெருக்கினால், அது ஆறு மணிக் கோட்டிலிருந்து கீழே உள்ள தூரம். ஆனால் உங்கள் அப்பாவின் கைக்கடிகாரம் காட்டுவது சூரிய நேரம் அன்று. நம் இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையைச் சார்ந்தது. கோவை ஏறத்தாழ 77 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில் கோவையின் சூரியன் 22 நிமிடம் பின்தங்குகிறது. இந்த 22 நிமிடத்தையும் கோட்டிலேயே சேர்த்துவிட்டால், 10 செ.மீ. உயரத்தில் நிற்கும் கம்பிக்கு, கம்பியின் நேர்கோட்டிலிருந்து 7 மணி 17 மி.மீ. கீழேயும், 8 மணி 45 மி.மீ., 9 மணி 82 மி.மீ., 10 மணி 140 மி.மீ., 11 மணி 267 மி.மீ. கீழேயும் அமையும். உயரத்தை மாற்றினால் எல்லாம் அதே விகிதத்தில் மாறும். பத்து மணிக் கோட்டருகே நிழல் ஒரு நிமிடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகரும் என்பதைக் கவனியுங்கள். கண்ணிமைக்காமல் பார்ப்பவருக்கு அது நகர்வது தெரியும்.

இன்னொரு வசதி. கிழக்குக் கடிகாரத்தை அதன் தளத்திலேயே சுழற்றி, கம்பியைப் பூமியின் அச்சுக்கு இணையாக்கினால், எந்த ஊரிலும் வேலை செய்யும். 54க்கும் 11க்கும் இடையே 43 பாகை. யார்க்கிலேயே ஒரு கிழக்குச் சன்னலில் பலகத்தை வலஞ்சுழியாக 43 பாகை திருப்பி வைத்துச் சோதித்துவிடலாம். அங்குள்ள தீர்க்கரேகைக்கு அது கிரீன்விச் நேரத்தைவிடச் சராசரியாக 18 நிமிடம் முந்திக் காட்டும். அப்படிக் காட்டினால் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று பொருள்.

ஈயத்தச்சன் (ஜனவரி 30)

வணக்கம் அம்மா. நான் புதுச்சேரியில் தேவாலயச் சன்னல்களைப் பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். நிழலளப்பான் ஐயா வானத்தைப் பார்த்துக்கொண்டார். நான் கண்ணாடியை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் நீலக் கண்ணாடி செய்த துரோகம் எல்லாருக்கும் ஒருமுறை நடப்பதுதான். தெளிந்த கண்ணாடியில் நிழல் தங்காது; நிழல் தங்குவதற்கு ஒளியைச் சிதறடிக்கும் படலம் ஒன்று வேண்டும். பழைய கைவினைஞர்கள் வெண்கண்ணாடியில் பால்போல ஒரு மெல்லிய பூச்சுக் கொடுத்துச் சுட்டார்கள். நீங்கள் நடுப்பகுதி முழுவதற்கும், அதாவது நிழல் நடமாடும் களம் முழுவதற்கும், ஒரே துண்டாக வெள்ளை ஓபல் கண்ணாடியை, அதாவது பால்போல மங்கலான கண்ணாடியை, எடுங்கள். மிகவும் அடர்த்தியான ஓபல் வேண்டாம், வெயில் பின்னாலிருந்து வரும்போது அறைக்குள் மங்கிவிடும். கடையில் துண்டைக் கையில் பிடித்து, பின்னால் ஒரு பென்சிலை 10 செ.மீ. தள்ளி வைத்துச் சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். பென்சிலின் நிழல் தெளிவாகவும், பென்சிலே மங்கலாகவும் தெரிந்தால் அதுதான் சரியான கண்ணாடி. சிவப்பு, நீலம், பச்சை, நெளிகண்ணாடி ஆகிய ஆசைகளை எல்லாம் சுற்றுக்கரையில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

சாதாரணக் கண்ணாடியை எடுத்து அதில் மங்கல்பூச்சுக் கொடுப்பதாக இருந்தால், பூச்சு எந்தப் பக்கம் என்பது முக்கியம். உட்பக்கம் பூசினால், வெயில் 3 மி.மீ. கண்ணாடிக்குள் வளைந்து வந்தே பூச்சைத் தொடும். பத்து மணிக் கோட்டில் நிழல் ஏறத்தாழ 2 மி.மீ. கீழிறங்கிவிடும், அது ஒன்றரை நிமிடப் பிழை. வேறு யாருக்காவது என்றால் விட்டுவிடலாம். இயற்பியல் ஆசிரியருக்கு விட முடியாது. களத்தின் பூச்சை வெளிப்பக்கமும், எண்களையும் கோடுகளையும் உட்பக்கமும் கொடுங்கள். அல்லது கம்பியின் உயரத்தைக் கணக்கிடும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்களுக்குச் சூளையில் 650 பாகை செல்சியஸ் அளவில் சுடும் கண்ணாடி வண்ணமே வேண்டும். கைவினைப் பொருள் கடைகளில் குப்பியில் கிடைக்கும் சுடாத வண்ணம் தினமும் காலை வெயில் படும் சன்னலில் நிற்காது, உரிந்துவிடும். பொன்மஞ்சள் வேண்டுமானால் வெள்ளிக்கறை (வெள்ளிச் சேர்மம் கலந்த பூச்சு) பூசிச் சுடுங்கள். அந்த மஞ்சள் கண்ணாடிக்குள்ளேயே ஊறிவிடுவது.

நிழற்கோலைப் பற்றி ஒரு பழைய வலியைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக்கு இதுபோல் ஒன்று செய்தேன். கம்பியின் இரு கால்களையும் செப்புப் பட்டை ஓடும் தையலின்மேலேயே பற்றவைத்துவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. மூன்றாம் மாதம் வீட்டுப் பிள்ளை சன்னலைத் துடைக்கும்போது துணி கம்பியில் மாட்டி இழுபட்டது. கம்பி நெம்புகோலாகிக் கீழிருந்த கண்ணாடியை மூலைக்கு மூலை பிளந்துவிட்டது. அதிலிருந்து கம்பியின் சுமையைக் கண்ணாடிக்குக் கொடுப்பதே இல்லை. பலகத்தைச் சுற்றி ஒரு தேக்குச் சட்டம் செய்து, சட்டத்தின் இரு பக்கங்களிலிருந்து பித்தளைக் கைகளை வெளியே நீட்டி, அவற்றுக்கிடையே கம்பியைக் கட்டுங்கள். இங்கிலாந்தின் பழைய சன்னல்களில் நிழற்கோல் போய், கண்ணாடியில் அது நின்ற துளை மட்டும் அடைக்கப்பட்டுக் கிடப்பதைப் பார்க்கலாம். அவர்களுக்கும் அதே கதைதான் போலிருக்கிறது. கம்பி 4 மி.மீ. கனம் இருக்கட்டும். சூரியன் ஒரு புள்ளி அன்று, அரைப்பாகை அகலமுள்ள வட்டம். கம்பி மெலிந்தால் தூரத்துக் கோடுகளில் நிழலின் கருமை கரைந்துபோய்ச் சாம்பலாகிவிடும்.

விமானத்துக்கு: பலகத்தைப் படுக்கவைத்துத் தூக்காதீர்கள், எப்போதும் விளிம்பில் நிறுத்தியே தூக்க வேண்டும். ஈயமும் பற்றவைப்பும் படுக்கையில் வளைந்துகொடுக்கும், கண்ணாடி கொடுக்காது. இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே நுரை வைத்துக் கட்டி, கைகளையும் கம்பியையும் கழற்றித் தனியே சுற்றிக்கொள்ளுங்கள். அவற்றைத் திருகாணியில் செய்தால் கோவையில் திரும்பப் பூட்டலாம்.

மேஸ்திரிமகன் (ஜனவரி 31)

கோயம்புத்தூரிலிருந்தே எழுதுகிறேன். கட்டடப் பொறியாளன். மேலே இருவரும் சொன்னவை சரி; ஆனால் நம் ஊர் வீட்டின் சன்னல் எப்படி இருக்கும் என்பதை யாரும் நினைத்துப்பார்க்கவில்லை.

முதலில் சன்ஷேடு. கிழக்குச் சன்னலுக்கு மேல் ஒன்றரை அடி முதல் இரண்டு அடி வரை காங்கிரீட் பலகை நீட்டிக்கொண்டிருக்கும். வெயில் ஏற ஏற அதன் நிழல் சன்னலில் மேலிருந்து கீழே இறங்கும். இரண்டு அடி சன்ஷேடு என்றால், காலை ஒன்பதரைக்கு முன்பே அதற்குக் கீழே இரண்டு அடி உயரம் நிழலில் போய்விடும். ஆகவே பலகத்தைச் சன்னலின் மேற்பகுதியில் உள்ள வென்டிலேட்டரில் வைக்காதீர்கள், அடிப்பகுதியில் வையுங்கள். இரண்டாவது, கதவுகள் வெளியே திறக்கும், கிரில் உள்ளே இருக்கும். திறக்கும் கதவில் கடிகாரம் வைத்தால் கதவு மூடியிருக்கும்போது மட்டுமே மணி காட்டும். கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் கொசுவலைச் சட்டமும் இடிக்கும். திறக்காத கண்ணாடி ஒன்று இருந்தால் அதுவே இடம். மூன்றாவது, எதிர்வீடு. அதன் மாடி ஏழரை வரை வெயிலை மறைத்தால் ஏழு மணிக் கோட்டை வரைவதில் பயனில்லை.

இவற்றைவிடப் பெரியது, "கிழக்குச் சன்னல்" என்று நாம் சொல்வது உண்மையில் கிழக்கா என்பது. மனையைச் சாலைக்கு ஒட்டி வெட்டுகிறார்கள். சாலை தன் விருப்பப்படி போகிறது. காம்பஸை நம்ப வேண்டாம், கிரில்லும் சுவருக்குள் இருக்கும் கம்பியும் ஊசியை இழுக்கும். தம்பியை மொட்டைமாடிக்கு அனுப்புங்கள். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தூக்குக்குண்டு தொங்கட்டும். பிப்ரவரி நடுவில் கோவையின் சூரிய நண்பகல் 12:36க்கு வரும். அந்த நிமிடத்தில் நூலின் நிழல் தரையில் ஏறத்தாழ அரை மீட்டர் நீளம் விழும், அதுவே உண்மையான தெற்கு வடக்குக் கோடு. அதைச் சுண்ணாம்புக்கட்டியால் நீட்டி, கிழக்குச் சுவரின் கைப்பிடிச் சுவரோடு எத்தனை பாகை விலகுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள்.

வடசன்னல் (பிப்ரவரி 1)

மூவருக்கும் மிக்க நன்றி. ஆனியில் தெற்குச் சன்னல் இருண்டுபோகும் என்பதைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு சந்தேகம். அந்த 22 நிமிடத்தைக் கோட்டில் சேர்ப்பதா, வேண்டாமா? சேர்க்காவிட்டால், வரும் உறவினர் எல்லாரும் தங்கள் கைபேசியைப் பார்த்துவிட்டு "பாப்பா செய்த கடிகாரம் தப்பாக ஓடுகிறது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மேலும் அப்பாவின் பிறந்தநாளுக்கு என்று ஒரு தனிக்கோடு வரைய முடியுமா?

நிழலளப்பான் (பிப்ரவரி 2)

22 நிமிடத்தைச் சேர்த்துவிடுங்கள் என்பது என் கருத்து. ஆனால் சேர்த்த பிறகும் உறவினர் குறை சொல்வார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்ந்தும் இருப்பதால், சூரியன் நம் கடிகாரத்தோடு நான்கே நாட்களில்தான் ஒத்துப்போகும்: ஏறத்தாழ ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் 14 நிமிடம் பின்தங்கும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். இந்தத் திருத்தத்தை எந்தக் கோட்டிலும் அடக்க முடியாது. ஒரு சிறிய அட்டவணையாக எழுதிச் சட்டத்தின் அடியில் ஒட்டிவிடுங்கள். ஆனியில் வித்தியாசம் ஓரிரு நிமிடங்களில் தொடங்கி ஆறு நிமிடம் வரை மட்டுமே என்பதால் விழாவன்று மானம் தப்பும்.

பிறந்தநாள் கோட்டுக்குக் கம்பியின் நடுவில் ஒரு சிறு மணியைக் கோக்க வேண்டும். மணியின் நிழல் ஒவ்வொரு நாளும் தனக்கென்று ஒரு பாதையில் கோடுகளைக் கடந்து இறங்கும்; சூரியன் நிலநடுக்கோட்டின்மேல் நிற்கும் நாட்களில் அது நேர்கோடு, மற்ற நாட்களில் வளைகோடு. ஆனால் ஆனி மாதத்துக்கு இது சரிவராது. ஜூன் 21ஐ ஒட்டிய வாரங்களில் சூரியன் வடகோடியில் ஏறக்குறைய நின்றுவிடுவதால், ஜூலை முதல் வாரத்துப் பாதைக்கும் ஜூன் 21இன் பாதைக்கும் 8 மணிக் கோட்டருகே ஒன்றரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம் இருக்கும். அது பிறந்தநாள் கோடாக இராது, பிறந்த மாதக் கோடாகவே இருக்கும். சூரியன் வேகமாக நகரும் மார்ச், ஏப்ரல், செப்டம்பர் மாதங்களில் குடும்பத்தில் நினைவுகூரத்தக்க நாள் ஏதாவது இருக்கிறதா?

வாசகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆங்கிலேயன் தன் சன்னலில் அதைப் போட்டுக்கொள்ளட்டும். எண்பது நிறைந்தவரின் வீட்டுக் கூடத்தில், அவர் கண்ணெதிரே, "நான் பறந்துவிடுகிறேன்" என்று எழுதித் தொங்கவிட்டால் உங்கள் அத்தைமார் உங்களைச் சும்மா விடமாட்டார்கள்.

ஈயத்தச்சன் (பிப்ரவரி 2)

வாசகத்துக்கு மாற்றாக ஒன்று சொல்லட்டுமா? அந்தக் காலத்து ஆங்கிலேயக் கடிகாரங்களில் ஓர் ஈ வரைந்திருப்பார்கள். உடலும் கால்களும் கண்ணாடியின் ஒரு பக்கம், இறகுகள் மறுபக்கம். பார்ப்பவர் உண்மையான ஈ என்று எண்ணி விரட்டப்போவார். அவர்கள் மொழியில் ஈக்கும் பறப்பதற்கும் ஒரே சொல் என்பதால் "காலம் பறக்கிறது" என்ற சிலேடை அதில் ஒளிந்திருக்கிறது. நமக்கு அந்தச் சிலேடை இல்லை, ஈயும் வேண்டாம். இரவில் சன்னலுக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லியை உள்ளிருந்து பார்த்திருப்பீர்கள்: வெளிறிய வயிறு, விரித்த விரல்கள், ஒவ்வொரு விரல்நுனியிலும் ஒரு சிறு திண்டு. அதை அப்படியே கரையோரத்தில் வரைந்துவிடுங்கள். வயிறும் விரல்களும் உட்பக்கம், முதுகின் நிழல்போன்ற சாம்பல் வெளிப்பக்கம்.

வடசன்னல் (பிப்ரவரி 17)

தாமதமாகத் திரும்பி வருகிறேன். தம்பி நேற்று 12:36க்கு மொட்டைமாடியில் தூக்குக்குண்டு கட்டினான். காற்று நூலை ஆட்டியதால் குண்டை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி நிறுத்தினானாம். அப்பா கேட்டதற்கு, தண்ணீர்த் தொட்டி மட்டம் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். அவர் நம்பினாரா என்பது ஐயமே. வீட்டின் கிழக்குச் சுவர் உண்மைக் கிழக்கிலிருந்து 4 பாகை தெற்கே திரும்பியிருக்கிறது. சன்ஷேடு ஒன்றரை அடி. கூடத்துக் கிழக்குச் சன்னலின் அடியில் திறக்காத கண்ணாடி ஒன்று உண்டு, அதற்கு முன் கொசுவலை இல்லை. அங்கே பத்தரை மணி வரை வெயில் நிற்கிறது என்று தம்பி பார்த்துச் சொன்னான். ஆகவே 11 மணிக் கோட்டை விட்டுவிட்டேன். அந்த 4 பாகைக்கு என்ன செய்வது?

குடும்ப நாள் கிடைத்துவிட்டது: அப்பா, அம்மாவின் திருமண நாள் செப்டம்பர் 10. அம்மா இப்போது இல்லை.

நிழலளப்பான் (பிப்ரவரி 17)

4 பாகைக்குக் கணக்கை மாற்றத் தேவையில்லை, சட்டத்தை மாற்றினால் போதும். 30 செ.மீ. அகலத்தில் 4 பாகை என்பது 21 மி.மீ. தேக்குச் சட்டத்தின் தென்பக்கம், அதாவது உள்ளிருந்து பார்க்கையில் வலப்பக்கம், இடப்பக்கத்தைவிட 21 மி.மீ. வெளியே தள்ளியிருக்குமாறு ஆப்புப்போல அடிக்கட்டை வைக்கச் சொல்லுங்கள். பலகம் நேர்கிழக்கைப் பார்த்துவிடும். வரைந்த கோடுகள் வரைந்தபடியே இருக்கும்.

செப்டம்பர் 10 மிக நல்ல நாள். அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு 5 பாகை வடக்கே இருக்கும். கம்பியில் கோத்த மணிக்கு நேர் பின்னால் கண்ணாடியில் உள்ள புள்ளி வழியே, மணிக்கோடுகளுக்குச் செங்குத்தாக ஒரு கோடு இழுங்கள். அதிலிருந்து வலப்பக்கமாக, மணிக்கோட்டின் வழியே, 7 மணியிலும் 8 மணியிலும் 9 மி.மீ., 9 மணியில் 11 மி.மீ., 10 மணியில் 15 மி.மீ. தள்ளிப் புள்ளி வைத்து இணைத்தால் அதுவே திருமண நாளின் பாதை. அந்த வாரத்தில் மணியின் நிழல் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு இடம் மாறும் என்பதால், முந்தைய நாளையும் அடுத்த நாளையும்கூட அப்பா பிரித்தறிவார். ஏப்ரல் 2ஆம் தேதியை ஒட்டியும் நிழல் அதே பாதையில் ஒருமுறை வரும், சூரியன் வடக்கே போகும் வழியில். அதை அவருக்குச் சொல்லாதீர்கள், அவரே கண்டுபிடிக்கட்டும்.

மேஸ்திரிமகன் (பிப்ரவரி 18)

ஆப்புக் கட்டையை இங்கேயே செய்துவிடலாம், அளவை அனுப்புங்கள். கண்ணாடியைச் சுடுவதற்கு முன் ஒரு வேலை: கோடுகளை முழு அளவில் டிரேசிங் பேப்பரில் வரைந்து தம்பிக்கு அனுப்புங்கள். அதே சன்னலில் ஒட்டி, 10 செ.மீ. தள்ளி ஒரு கம்பளி பின்னும் ஊசியைக் கட்டி, ஒரு காலை முழுவதும் மணிக்கு மணி நிழலைப் பென்சிலால் குறிக்கட்டும். பிப்ரவரியில் 14 நிமிடம் பிந்திக் காட்டும் என்பதைக் கழித்துக்கொண்டால் மீதி பொருந்த வேண்டும். அப்பாவை அன்று காலை யாராவது கோயிலுக்கோ வங்கிக்கோ அழைத்துப்போக வேண்டியிருக்கும்.

வடசன்னல் (மார்ச் 2)

தாளைச் சோதித்தாயிற்று. 8, 9 மணிக் கோடுகள் பொருந்தின. 10 மணி மட்டும் 3 மி.மீ. கீழே விழுந்தது. ஊசி நடுவில் தொய்ந்திருந்ததைத் தம்பி பிறகுதான் கவனித்தானாம். ஈயத்தச்சன் அண்ணா, கம்பியை 4 மி.மீ. பித்தளையிலேயே எடுத்துவிட்டேன். வெள்ளை ஓபல் துண்டைக் கடையில் பென்சில் வைத்துப் பார்த்தபோது கடைக்காரர் ஒருமாதிரியாகப் பார்த்தார். ௭, ௮, ௯, ௰ நான்கும் நேற்றுச் சுட்டு வந்துவிட்டன. பல்லிக்கு வால் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.